விவசாயி மாப்பிள்ளையும் பெண் கேட்கும் கேள்விகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். மகனுக்கு முப்பத்து நான்கு வயது. பன்னிரண்டு ஏக்கர் நிலம், இரண்டு கிணறு, டிராக்டர், மாடி வீடு எல்லாம் இருந்தும் பெண் அமையவில்லை என்று மனம் நொந்து எழுதியிருந்தார். மாதச் சம்பளக்காரன் வாடகை வீட்டில் இருந்தாலும் பெண் கொடுக்கிறார்கள், ஊருக்குச் சோறு போடுகிறவனுக்குக் கொடுப்பதில்லை என்ற வரியைப் படித்தபோது எனக்கும் வலித்தது. அவர் சொல்வது உண்மைதான். பண்ணைக்காடு, பெரும்பாறை, பாச்சலூர் என்று எங்கள் மலை ஊர்களிலும் நாற்பதை நெருங்கியும் மணமாகாத விவசாய இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் சொன்ன காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பேராசை, தங்களுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாமல் வருகிற வரன்களையெல்லாம் தட்டிக்கழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

நானும் தட்டிக்கழித்தவள். சமவெளியில் பிறந்து, பட்டம் படித்து, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்து, பிறகு தாண்டிக்குடியில் காப்பியும் மிளகும் பயிரிடுகிற ஒருவரை மணந்து இந்த மலைக்கு வந்தவளும் நானே. எனக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. பெண்ணின் பக்கத்தைச் சொல்லும் தகுதியும், விவசாய வீட்டின் பக்கத்தைச் சொல்லும் தகுதியும் எனக்கு இருப்பதாக நம்பி இதை எழுதுகிறேன்.

சொந்த ஊர் நிலக்கோட்டை. அப்பா அங்கே பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறவராக இருந்தார். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது இறந்துவிட்டார். உடன்பிறந்தவர்கள் இல்லை. பி.காம். முடித்த கையோடு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. அம்மா நிலக்கோட்டையில் பூக்கட்டிக்கொண்டு தனியாக இருந்தார். நான் திருப்பூரில் பெண்கள் விடுதியில் இருந்தேன்.

எனக்கு இருபத்தைந்து வயதானபோது தாய்மாமா என்னைத் திண்டுக்கல்லில் ஒரு திருமணத் தகவல் மையத்துக்கு அழைத்துச் சென்றார். ஒரு படிவம் கொடுத்தார்கள். நட்சத்திரம், ராசி, தோஷம் உண்டா இல்லையா, உட்பிரிவு என்ன, உயரம், நிறம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு உண்டா, எத்தனை பவுன் போடுவீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் 'எதிர்பார்ப்பு' என்று இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம். நான் பேனாவோடு யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அந்த மையத்து அம்மாள், "நல்ல குடும்பம், நல்ல வேலை என்று எழுது தாயி, எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள்" என்றார். எழுதினேன். மாமா பணம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மேசைமேல் கிடந்த கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அதே நான்கு சொற்கள். ஆண்களின் கோப்பிலும் நான்குதான்: நல்ல குடும்பம், குடும்பப்பாங்கான பெண்.

அந்தக் கட்டத்தில் எழுத என்னிடம் வேறொன்றும் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. அதுவரை எவரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை. எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்த ஊரில் வேலை என்பதையெல்லாம் பஸ் வசதியும் பீஸும் மாமாவும் முடிவு செய்தார்கள். நம் வீடுகளில் பெண்பிள்ளைகளை மட்டுமல்ல, ஆண்பிள்ளைகளையும் இப்படித்தான் வளர்க்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகள் கேட்காமலே இருந்துவிட்டு, ஒரு பெண் பார்க்கும் படலத்தின் பத்து நிமிடத்தில், அடுத்த அறையில் உறவுக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கிறோம். அவள் தயங்கினால் அவளுக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை என்கிறோம். கடிதம் எழுதிய பெரியவர் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் என் அம்மா. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து விடுதிக்குப் பேசுவார். சாப்பாட்டைப் பற்றி விசாரித்து முடித்ததும் தவறாமல் ஒன்று கேட்பார்: "இந்த வாரத்தில் எது நன்றாக இருந்தது?" நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மாமா கொண்டுவந்த வரனைப் பற்றிப் பேச்சு எழுந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். பூத்தொடுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "எனக்குப் புரிகிறது. நீ சொன்னதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். சினிமாவுக்குப் போனதையோ கடைவீதிக்குப் போனதையோ நன்றாக இருந்தது என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. சிக்கலாகக் கிடந்த கணக்கு நேரானதைச் சொல்வாய். தையல் பெண்களுக்கு பி.எப். சீட்டைப் படித்துக் காட்டியதைச் சொல்வாய். மழை பெய்த விடியற்காலையில் மொட்டைமாடியில் தனியாக நின்றதைச் சொல்வாய். உனக்குக் கூட்டம் ஆகாது. கையில் ஒரு வேலை இருக்க வேண்டும், அது சீராவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சாயங்காலம் அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். உன்னை நான் பெற்றேன், எனக்குத் தெரியாதா?"

அன்று இரவு நான் தூங்கவில்லை. நாம் எதை விரும்புகிறோம் என்று உட்கார்ந்து யோசித்தால், ஊரார் விரும்புவதெல்லாம் வரிசையாக மனதுக்கு வரும். சொந்த வீடு, கார், நகை, வெளிநாடு. நம் விருப்பம் நாம் வாழ்ந்து முடித்த நாட்களில் கிடக்கிறது. எந்த நாள் நம்மை அறியாமல் நன்றாகப் போனது, எந்த நாளில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் சலிப்பாக இருந்தது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். நம்மோடு பேசிக்கொண்டே இருக்கிற ஒருவர் அதை நமக்கு முன்பே கவனித்திருப்பார். இதற்குக் காலம் வேண்டும். கையில் சொந்தச் சம்பாத்தியமும் வேண்டும். இருபது வயதில் எனக்குத் திருமணம் செய்துவைத்திருந்தால், எனக்குக் கூட்டம் ஆகாது என்பதைப் பதினைந்து பேர் உள்ள வீட்டில் சமைத்துக்கொண்டேதான் கண்டுபிடித்திருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த வரன்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் கேட்டேன். திருமணத்துக்குப் பிறகு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை எனக்கு எப்படிப் போகும்? என் அம்மா கடைசி வரை என்னோடு இருக்கலாமா?

மாமாவுக்குக் கடும் கோபம். பெண் வாய் திறந்து கேள்வி கேட்டால் குடும்பத்துக்குக் கெட்ட பெயர் என்றார். அம்மா மட்டும் என் பக்கம் நின்றார். தன்னைப் பற்றிய கேள்வியை விட்டுவிடச் சொல்லி அழுதார், ஆனால் முதல் கேள்வியை விடாதே என்றார்.

வந்தவர்கள் எவரும் கெட்டவர்கள் அல்லர். சென்னையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர் மனம்விட்டுச் சொன்னார்: காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்புவேன், ஞாயிறு முழுவதும் தூங்குவேன், நீங்கள் என் பெற்றோருடன் இருப்பீர்கள். அந்த நேர்மையை இன்றும் மதிக்கிறேன். அமெரிக்காவில் கணினி வேலையில் இருந்தவர், வந்த வரன்களிலேயே அதிகச் சம்பளம் வாங்கியவர். அப்போதெல்லாம் எச்-4 விசாவில் போகிற மனைவி அங்கே வேலை பார்க்க முடியாது. 2015இல்தான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு விதி தளர்ந்தது. என் செவ்வாய்க்கிழமை அங்கே எப்படிப் போகும் என்று கேட்டேன். வீட்டில் ஓய்வாக இருக்கலாமே என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? பேராசைக்காரியாக இருந்திருந்தால் அன்றைக்கே விமானம் ஏறியிருப்பேன்.

அம்மாவைப் பற்றிய கேள்விக்குத்தான் பெரும்பாலும் பேச்சு முறிந்தது. தீபாவளி, பொங்கலுக்கு வரட்டும், நான்கு நாள் தங்கட்டும் என்றார் ஒருவர். பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்றார் இன்னொருவரின் தந்தை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பெற்றோரைக் காக்கும் கடமை மகனுக்கு உள்ளதுபோலவே மகளுக்கும் உண்டு என்கிறது அது. கடமையைச் சட்டம் கொடுத்துவிட்டது. அதை எந்த வீட்டில், எந்தக் காசில் செய்வது என்பதைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நான்தான் கேட்க வேண்டியிருந்தது. ஒரே மகளாகப் பிறந்தவர்கள் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுடைய 'எதிர்பார்ப்பு' கட்டத்தில் இந்த ஒரு வரி இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்கு முப்பது வயது நடந்தபோது தாண்டிக்குடிக்காரர் தம் தாயாருடன் நிலக்கோட்டைக்கு வந்தார். கோவையில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, தானாகவே தோட்டத்துக்குத் திரும்பியவர். கேட்ட உடனே பதில் சொல்லிவிடவில்லை. "எந்த மாதத்துச் செவ்வாய்க்கிழமை?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு சொல்லத் தொடங்கினார். மார்ச், ஏப்ரலில் பெய்கிற மழையை நம்பித்தான் காப்பி பூக்கும், அந்த மழை தள்ளிப்போனால் வீட்டில் எல்லாருக்கும் முகம் சரியாக இருக்காது. நவம்பரிலிருந்து தை வரை பழம் பறிப்பு. அன்று பறித்த பழத்தை அன்றே தோல் நீக்கும் பல்ப்பர் எந்திரத்தில் போட்டாக வேண்டும், இரவு பத்து, பதினொன்று ஆகும், அந்த மாதங்களில் நான் உங்களோடு உட்கார்ந்து பேச முடியாது. பிறகு மிளகு. ஆள் கிடைக்காத நாளில் நானே ஏணி ஏறுவேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை கவாத்து, களை, உரம், கொஞ்சம் மூச்சுவிடலாம். அப்போது ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். என் அம்மாவுக்கு முன்கோபம் அதிகம். கக்கூஸ் வீட்டுக்கு வெளியே இருக்கிறது, திருமணத்துக்கு முன் உள்ளே கட்டிவிடுவேன். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றால் மலை இறங்க வேண்டும். உங்கள் அம்மா தாராளமாக வரலாம், ஆனால் ஒரே அடுப்பில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார் முன்கோபம் என்ற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுக்கவில்லை.

பிறகு அவர் ஒரு காரியம் சொன்னார். இப்போதே சம்மதம் சொல்ல வேண்டாம், அம்மாவை அழைத்துக்கொண்டு ஒருமுறை வந்து பாருங்கள், மே மாதத்தில் வராதீர்கள், அப்போது மலை எல்லாருக்கும் பிடிக்கும், ஐப்பசியில் வாருங்கள் என்றார். ஐப்பசியில் போனோம். வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி, பெரும்பாறைக்கு மேலே மரம் விழுந்து வெகுநேரம் நின்று, இருட்டின பிறகு போய்ச் சேர்ந்தோம். முந்தின நாளிலிருந்து மின்சாரம் இல்லை. காலில் அட்டை ஏறியிருந்தது. உப்பை வைத்து எடுத்துவிட்டார் அவருடைய அம்மா. விடிந்து பார்த்தால் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே, மிளகுக் கொடிக்குக் கீழே, இரண்டு காட்டுமாடுகள் நின்றன. என் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மழை விட்ட இடைவெளியில் தாண்டிக்குடிக்காரர் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். தாத்தா காலத்தில் அது முழுக்க மலைவாழை. 1970களில் முடிக்கொத்து நோய் வந்து இந்தப் பழனி மலையின் வாழை ஏறக்குறைய அழிந்துபோனது, அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் காப்பி பெருகியது. 2001, 2002 வாக்கில் உலகச் சந்தையில் காப்பி விலை வீழ்ந்தபோது அவருடைய அப்பா நகைகளை அடகு வைத்தார், அவற்றில் பாதி திரும்பவில்லை. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி பிடித்த காப்பிச் செடிகளைப் பிடுங்கிக் கொளுத்திய இடத்தையும் காட்டினார். இதெல்லாம் மறுபடியும் வரலாம், வராது என்று நான் சொல்ல மாட்டேன் என்றார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அம்மா கேட்டார்: "எது நன்றாக இருந்தது?" நான் சொன்னேன்: களத்தில் ஈரம் படாமல் தார்ப்பாயை நாங்கள் எல்லாருமாக இழுத்து மூடினோமே, அது. அந்தத் தையில் திருமணம் நடந்தது.

இதோடு எல்லாம் சுபம் என்று எழுதினால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். மலைக்கு வந்த பிறகுதான் எனக்கு வேண்டிய இன்னொன்று தெரிந்தது. இருபது வயதிலிருந்து என் கையில் சம்பளம் இருந்தது. இங்கே நிலக்கோட்டைக்குப் போக பஸ் காசைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அவர் கேட்டதற்கு மேலாகவே கொடுத்தார். ஆனாலும் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ சுருங்கியது. பல மாதங்கள் கழித்து அதைச் சொன்னபோது அவர் திகைத்துப்போனார். அவருடைய தாயார் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டிருந்தார், அதில் ஏதும் குறை இருப்பதாக அந்த வீட்டில் எவருக்கும் தோன்றியதில்லை. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தோட்டத்தின் கணக்கு முழுவதும் நான் எழுதுவது, மிளகில் வருகிற பணம் என் கணக்கில் சேர்வது. மிளகுக் கொடிகளை நானே பார்த்துக்கொள்கிறேன். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் தாண்டிக்குடி காப்பி ஆராய்ச்சி நிலையத்துக்கும் போய்க் கேட்டுக் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது நிலம். தமிழ்நாட்டில் 1989இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்தது, 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. அதற்காகப் போராடியவர்களை வணங்குகிறேன். ஆனால் எனக்குப் பிறந்த வீட்டில் நிலமே கிடையாது. புகுந்த வீட்டில் கணவர் உயிரோடு இருக்கும்வரை மருமகளுக்கு அந்த மண்ணில் எந்தப் பாத்தியமும் இல்லை. விடியற்காலையிலிருந்து காப்பிப் பழம் பொறுக்குகிற மருமகளின் பெயர் பட்டாவிலும் இல்லை, சொசைட்டியிலும் இல்லை. இதைச் சொல்லி ஓர் ஏக்கரை என் பெயருக்கு எழுதித் தரும்படி கேட்டேன். அன்று எங்கள் வீட்டில் பெரிய சண்டை. மாமியார் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே மகனிடம், "எழுதிக்கொடு, எனக்கு எவரும் எழுதித் தரவில்லை" என்றார். அந்தச் சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பத்திரம் பதிவானது.

அம்மாவும் வந்து சேர்ந்தார். கணவர் முன்பே சொன்னபடி ஒரே அடுப்பு ஒத்துவரவில்லை. ரசத்தில் தொடங்கி வாசல் தெளிப்பதுவரை இரண்டு பேருக்கும் பிணக்கு. மிளகுக் காசில் பக்கத்திலேயே ஓர் அறையும் ஒரு சின்னச் சமையல் கட்டும் கட்டினோம். இப்போது சாயங்காலமானால் என் மாமியாரே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். தன் முழங்கால் வலியை என்னிடம் சொல்வதைவிட என் அம்மாவிடம் சொல்வதுதான் அவருக்குப் பிடிக்கிறது.

ஒட்டன்சத்திரம் பெரியவருக்கு இப்போது நேரடியாகச் சில வார்த்தைகள். ஐயா, உங்கள் கடிதத்தை மீண்டும் மீண்டும் படித்தேன். நிலத்தின் அளவு இருந்தது, கிணற்றின் ஆழம்கூட இருந்தது. உங்கள் மகனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் விவசாயத்தை விரும்பிச் செய்கிறாரா, வேறு வழியில்லாமல் செய்கிறாரா? தோட்டத்தில் எந்த வேலை அவருக்குப் பிடிக்கும்? மனைவி உடன் நின்று வேலை செய்ய வேண்டும் என்று நினைக்கிறாரா, வெளியே வேலைக்குப் போனாலும் சரி என்கிறாரா? இதை நீங்கள் அவரிடம் கேட்டதுண்டா? விவசாயத்தைத் தலையெழுத்து என்று எண்ணிச் செய்கிற ஒருவரை, பன்னிரண்டு ஏக்கருக்காக ஒரு பெண் ஏற்கத் தயங்கினால் அவள் சரியாகத்தான் யோசிக்கிறாள். விரும்பிச் செய்கிறவர் என்றால் அதை அவரே தம் வாயால், அவளுடன் உட்கார்ந்து, அவசரமில்லாமல் சொல்ல வேண்டும். தரகர் சொல்லி அது விளங்காது.

பெண் வீட்டுக்குப் போகும்போது ஏக்கர் கணக்கோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள்: காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார், விளைச்சல் பொய்த்த ஆண்டில் என்ன செய்தீர்கள், கடன் எவ்வளவு இருக்கிறது, அவள் கையில் பணம் எப்படி வரும், அவள் பெயரில் மண் வருமா, அவளுடைய பெற்றோர் நோயில் படுத்தால் அவள் போய் இருக்க முடியுமா. கடனைச் சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பீர்கள். சிலர் கொடுக்க மாட்டார்கள்தான். எனக்கு அடகு வைத்த நகையைச் சொன்னவர்மேல்தான் நம்பிக்கை வந்தது. 2024இன் இறுதியில் காப்பி விலை பல பத்தாண்டுகளில் காணாத உயரத்துக்குப் போனபோது, தாண்டிக்குடி மாப்பிள்ளைகளுக்குத் திடீரென்று மதிப்புக் கூடியது. விலையைப் பார்த்து வருகிற சம்பந்தம் விலை இறங்கும்போது என்ன ஆகும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். பெண்களுக்கென்றே 1984இல் இந்த மலையில் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அவள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் பெண். போன வாரம் என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றுமே தோன்றவில்லை, என்மேல் எனக்கே பயமாக இருக்கிறது" என்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அவளுடைய அப்பாவிடமும் பேசினேன். இரண்டு ஆண்டுகள் அவளை வேலைக்கு அனுப்புங்கள், வத்தலக்குண்டோ மதுரையோ, அவள் சம்பளத்தை அவளே செலவழிக்கட்டும், வாரம் ஒருமுறை அவளோடு பேசுங்கள், புத்தி சொல்வதற்காகப் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். வயது ஏறுகிறதே என்றார். ஏறட்டும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மறுபடியும் போய்க் கேட்பேன்.

எல்லாத் தேடலும் திருமணத்தில்தான் முடிய வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. திருப்பூர் விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த தோழி, தனக்குத் திருமணம் வேண்டாம் என்று முடிவு செய்தாள். தனியாக வீடு எடுத்து, தம்பியின் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். இப்போது சொந்தமாக ஆறு தையல் எந்திரம் போட்டு நடத்துகிறாள். கோடை விடுமுறையில் இங்கே வந்து தங்குவாள். அவளிடம் இன்னும் இரக்கத்தோடு பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவள் தன் வாழ்க்கையைத் தேடித்தான் எடுத்துக்கொண்டாள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் ஞாயிறுதோறும் வருகிற மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்களில் நட்சத்திரத்துக்கும் சம்பளத்துக்கும் இடம் இருப்பதுபோல, மணமகனோ மணமகளோ தாமே எழுதுகிற இரண்டு வரிக்கும் கட்டணமில்லாமல் இடம் கொடுங்கள். எப்படி வாழ ஆசை என்று அவர்களே எழுதட்டும். முதல் சில வாரங்கள் 'நல்ல குடும்பம், நல்ல வேலை' என்றுதான் வரும். பிறகு எவராவது ஒருவர் வேறு மாதிரி எழுதுவார். அதைப் படித்து இன்னொருவர் எழுதுவார்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் தோட்டத்தைப் பற்றிய விவரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். அம்மாவைப் பற்றி எழுதியதை மட்டும் வெட்ட வேண்டாம். அது ஒரே மகளைப் பெற்றவர்கள் எல்லாருக்காகவும் எழுதியது. மாமியாரின் பொருட்டு என் பெயரை வெளியிட வேண்டாம், ஊர்ப் பெயர் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.